புதிய கணினியும் பழைய திருட்டும்



விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டுக் காலம் நம் வீட்டு மேசைகளிலும், கடைக் கல்லாக்களிலும், மதரஸா அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருந்த இயங்குதளம் அது. அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இருந்தால்தான் அமரும். 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றை அது ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே நம் குடும்பங்களில் பல இப்போது புதிய கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் சென்று மடிக்கணினி வாங்கி வருகின்றனர்.

வாங்கும்போது விலை கேட்கிறோம், நினைவகம் எவ்வளவு என்று கேட்கிறோம், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்கிறோம். "பாய், விண்டோஸ் போட்டுத் தந்துடவா?" என்று கடைக்காரர் கேட்கும்போது மட்டும், "போட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த விண்டோஸ் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார், அதைப் போட அவருக்கு உரிமை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. இறைச்சிக் கடையில் நின்று, அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாரா என்று விசாரிக்கும் சமுதாயம் கணினிக் கடையில் வாய்மூடி நிற்கிறது. இந்த மௌனத்தையே நாம் இங்கே கண்டிக்க விரும்புகிறோம்.

நடப்பது என்ன?

இயங்குதளம் இல்லாமலே விற்கப்படும் மடிக்கணினிகள் சந்தையில் உண்டு. விளம்பரத்தில் 'டாஸ்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். விண்டோஸ் உரிமத்தோடு வருவதைவிட அவற்றின் விலை குறைவு. அதில் தவறு ஏதுமில்லை. தவறு அடுத்த நிமிடத்தில் நிகழ்கிறது. கடைக்காரர் ஒரு பென் டிரைவைச் செருகி விண்டோஸை நிறுவுகிறார். பிறகு 'ஆக்டிவேட்டர்' என்னும் சிறு மென்பொருளை ஓட்டி, உரிமம் பெற்ற கணினி இது என்று இயங்குதளத்தையே நம்பவைத்துவிடுகிறார். சில நூறு ரூபாய் கூலி பெற்றுக்கொள்கிறார். வாங்கியவர் விலை மிச்சம் என்று மகிழ்ந்து வீடு திரும்புகிறார்.

மற்றொரு வகையும் உண்டு. பழைய கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. அதைப் புதிய கணினிக்குக் கொண்டுசெல்ல ஒப்பந்தம் இடமளிப்பதில்லை. தனியாக விலை கொடுத்து வாங்கிய உரிமத்தையே மாற்றிக்கொள்ள இயலும். இந்த வேறுபாட்டை அறியாமல், "பழையதுல இருந்த விண்டோஸைத்தானே போட்டோம்" என்று நம்மவர் பலர் நிம்மதியாக இருக்கின்றனர்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கையால் தொட முடியாத ஒன்று எப்படிப் பொருளாகும் என்று சிலர் கேட்பர். மார்க்க அறிஞர்கள் இதை ஆராய்ந்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய ஐந்தாவது அமர்வில், பதிப்புரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் ஆகியவை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகளே என்றும் அவற்றை அத்துமீறக் கூடாது என்றும் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தின் எண் 43.

இதில் மாற்றுக் கருத்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. முந்தைய தலைமுறை முஃப்திகளில் பதிப்புரிமையை விற்கத்தக்க பொருளாக ஏற்காதவர்கள் இருந்தனர். தனிப்பட்ட கல்வித் தேவைக்குப் படியெடுக்கச் சலுகை அளித்த அறிஞர்களும் உண்டு. ஆனால் அந்தக் கருத்தைப் பிடித்துத் தொங்குவோர் இரண்டு செய்திகளை மறைத்துவிடுகின்றனர். முதலாவது, ஒப்பந்தம். இயங்குதளத்தை நிறுவும்போது நிபந்தனைகளை ஏற்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோம். முஸ்லிம் தான் ஏற்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் என்பது திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவான நபிமொழியின் கருத்து. ஒரு கையால் ஏற்பை அழுத்திவிட்டு மறு கையால் ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்கு எந்த மத்ஹபில் இடமிருக்கிறது? இரண்டாவது, நாட்டின் சட்டம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 63பி பிரிவு, திருட்டுப்படி என்று அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. இறைவனுக்கு மாறு செய்யும்படி கட்டளையிடாத சட்டத்துக்குக் கட்டுப்படுவது இந்நாட்டுக் குடிமக்களாகிய நம் கடமை.

சாக்குகளும் பதில்களும்

மதரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடம் பெற்றோர்கள் முன்வைக்கும் வாதங்கள் நான்கு.

"அவன் உலகப் பணக்காரன், நாம ஒருத்தர் காசு கொடுக்கலைன்னா என்ன குறைஞ்சுடப் போகுது?" என்பது முதல் வாதம். உரியவரின் செல்வ நிலையைப் பார்த்து ஹராம் ஹலாலாக மாறுவதில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 188ஆம் வசனம் பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதைத் தடுக்கிறது. பணக்காரரின் பொருள் என்றால் பரவாயில்லை என்னும் விலக்கு அதில் இல்லை. நம் கடையிலிருந்து ஒருவர் ஒரு சோப்புக் கட்டியைத் தூக்கிச் சென்றுவிட்டு, "பாய்க்குத்தான் மூணு கடை இருக்கே" என்று சொன்னால் நாம் ஏற்போமா?

"அந்த நிறுவனம் பாலஸ்தீன மக்களைக் கொல்வோருக்குத் துணை போகிறது, அதன் பொருளை எடுத்தால் பாவமில்லை" என்பது இரண்டாவது வாதம். இதன் பின்னுள்ள வேதனை நமக்கும் உண்டு. இஸ்ரேலிய இராணுவம் மைக்ரோசாப்டின் சேவைகளைப் பயன்படுத்துவது குறித்து உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2025 செப்டம்பரில் அந்நிறுவனமே இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சின் ஒரு பிரிவுக்குச் சில சேவைகளை நிறுத்தியதாக அறிவிக்க நேர்ந்தது. ஆனால் புறக்கணிப்பு என்பது விட்டு விலகுவது. திருடிப் பயன்படுத்துகிறவர் விலகவில்லை. அந்த இயங்குதளத்தையே தன் பிள்ளைக்கும் பழக்குகிறார். நாளை அப்பிள்ளை வேலைக்குச் செல்லும் அலுவலகம் அதே இயங்குதளத்தை விலை கொடுத்து வாங்கும். இதனால் அந்நிறுவனத்துக்கு என்ன இழப்பு?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். மக்கத்துக் குறைஷிகள் அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட அந்த இரவிலும், அக்குறைஷிகளின் பொருள்கள் அமானிதமாக அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே நிறுத்திவிட்டுத்தான் ஹிஜ்ரத் புறப்பட்டார்கள். முஃகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு வருமுன் தம்முடன் பயணித்த இணைவைப்போரைக் கொன்று அவர்களின் பொருளை எடுத்து வந்திருந்தார்கள். அவர்களின் இஸ்லாத்தை ஏற்ற நபியவர்கள் அப்பொருளோடு தமக்கு எத்தொடர்பும் இல்லை என்று மறுத்துவிட்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. எதிரியின் பொருளிலும் நம்பிக்கைத் துரோகம் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"ஏழைப் பிள்ளை படிக்க வேண்டும், வேறு வழியில்லை, இது நிர்ப்பந்தம்" என்பது மூன்றாவது வாதம். நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை அனுமதிக்கும் என்னும் ஃபிக்ஹ் விதி உண்மைதான். ஆனால் ஹலாலான மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது நிர்ப்பந்தம் ஆகாது. அந்த மாற்றைப் பற்றிக் கீழே சொல்கிறோம். மேலும், இந்த வாதத்தை நம்மிடம் வைப்போரில் எத்தனை பேர் உண்மையில் ஏழைகள்? திருமண வலீமாவைப் படமெடுக்க டிரோன் கேமராவுக்குப் பணம் கொடுக்கும் குடும்பம், வீட்டில் ஆளுக்கொரு திறன்பேசி வைத்திருக்கும் குடும்பம், இயங்குதளம் என்று வந்தால் மட்டும் ஏழையாகிவிடுகிறது.

"எல்லாரும் செய்கிறார்கள்" என்பது நான்காவது. இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நபிமார்கள் வந்த சமுதாயங்கள் அனைத்தும் சொன்ன பதில் இதுதான்.

கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தை நபியவர்கள் கண்டுபிடித்துக் கண்டித்த நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. "ஒரிஜினல் மாதிரியேதான் வேலை செய்யும்" என்று சொல்லி விற்பது அந்த ஈரத்தை மூடி விற்பதே ஆகும். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் சொல்வது உங்கள் கடமை.

கோட்டை பெரிது, கதவு திறந்து கிடக்கிறது

இது மறுமைக்குரிய கணக்கு மட்டும் அன்று. இம்மையிலும் இதற்கு விலை உண்டு.

நம் ஊர்க் கோட்டையை அறியாதவர் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுவர் எழுப்பப்பட்ட கோட்டை அது. 1690இல் தொடங்கி 1698 வரை ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்ட பிறகே முகலாயப் படை அதைக் கைப்பற்ற முடிந்தது. அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துக்கொண்டார். மலையும் சுவரும் மாறவில்லை. காவல் தளர்ந்தால் எவ்வளவு பெரிய கோட்டையும் ஓர் இரவு தாங்காது.

ஆக்டிவேட்டரை ஓட்டுமுன் வைரஸ் தடுப்பியை நிறுத்தச் சொல்கிறார்கள். காவலாளியை அனுப்பிவிட்டு, யாரென்று தெரியாத ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பானது இது. அவன் உரிமத்தை மட்டும் திருத்திவிட்டுப் போனானா, வேறு எதையும் வைத்துவிட்டுப் போனானா என்று யாருக்கும் தெரியாது. திருட்டு விண்டோஸில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் பலர் நிறுத்திவிடுகின்றனர். இதன் விளைவை உலகம் 2017இல் கண்டது. வன்னாகிரை என்னும் கொள்ளைநிரல் மே 12 அன்று பரவத் தொடங்கி, ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் அதற்குத் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்டவை, அதைப் பெறாமல் இருந்த கணினிகள்.

நம் கணினிகளில் இருப்பவை திரைப்படங்கள் மட்டும் அல்ல. ஜமாஅத்தின் நிகாஹ் பதிவுகள், ஜகாத் பெறுவோர் பட்டியல், இத்தாவில் இருக்கும் சகோதரிகளுக்குச் செய்த உதவிக் கணக்கு, பிள்ளைகளின் ஆதார் நகல்கள், நம் பெண்மக்களின் புகைப்படங்கள் ஆகியவையும் உள்ளன. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி தர்மம் செய்யப் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். யார் வாங்கினார்கள் என்னும் பட்டியலைத் திறந்த கதவுக்குப் பின்னால் வைக்கலாமா? அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் தங்க நகைக்கு மட்டும் இறங்கியதன்று.

ஹலாலான வழிகள்

முதல் வழி, உரிமத்தோடு வரும் கணினியை வாங்குவது. டேலி போன்ற வணிக மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால், விண்டோஸின் விலை அந்த வணிகத்தின் செலவு. கடை வாடகை போலவே அதையும் கணக்கில் எழுதுங்கள். இணையத்தில் மிக மலிவாக விற்கப்படும் உரிம எண்களை நம்ப வேண்டாம். அவற்றுள் பல, பெரிய நிறுவனங்களுக்கென வழங்கப்பட்டு வெளியே கசிந்தவை.

இரண்டாவது வழி, அவசரப்படாமல் இருப்பது. உரிமம் பெற்ற விண்டோஸ் 10 உங்களிடம் இருந்தால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை பெற மைக்ரோசாப்ட் வழி வைத்துள்ளது. கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. அதற்குள் பணம் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழியே நாம் வலியுறுத்துவது. லினக்ஸ் இயங்குதளங்களைப் படியெடுக்கவும், பகிரவும், மாற்றவும் அவற்றை உருவாக்கியோரே உரிமை கொடுத்துள்ளனர். உபுண்டு, மின்ட் போன்றவற்றை இலவசமாகப் பதிவிறக்கிப் பென் டிரைவிலிருந்து நிறுவலாம். விண்டோஸ் 11 தள்ளிவிட்ட பழைய கணினிகளில் பலவற்றிலும் இவை நன்றாக ஓடும். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரேஆபிஸ் உண்டு. தமிழ் 99 விசைப்பலகையும் அரபு விசைப்பலகையும் உண்டு. இணையம், வகுப்பு, தட்டச்சு, அச்சு எல்லாம் இதில் நடக்கும்.

"அது நமக்குச் சரிவராது" என்போர் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கட்டும். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி கற்கின்றனர். சென்னையில் உள்ள சி-டாக் மையம் 2007இலேயே பாஸ் என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்த காலத்தில் தமிழக அரசும் தன் துறைகளுக்கு அதையே பரிந்துரைத்தது. 2007இல் உபுண்டு முஸ்லிம் பதிப்பு என்றே ஒன்றைச் சகோதரர்கள் சிலர் உருவாக்கினர். பிறகு அது சபீலி என்று பெயர் பெற்றது. தொழுகை நேரம் காட்டும் மென்பொருளும், குர்ஆன் ஓதவும் தேடவும் உதவும் ஸிக்ர் என்னும் மென்பொருளும் அதில் இருந்தன. சில ஆண்டுகளில் அம்முயற்சி நின்றுபோனது. இலவசமாகக் கிடைத்ததை ஏற்று வளர்க்காமல், திருடியதைத் தேடிப் போனோம். இதற்கு வருந்த வேண்டியது நம் சமுதாயம்.

குடிபெயரும்போது கவனிக்க வேண்டியவை

புதிய கணினிக்கு மாறுமுன் கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஜும்ஆக் குறிப்புகளும் வினாத்தாள்களும், அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அவற்றை இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது; நம் ஜமாஅத் பதிவேடுகள் இன்னும் ஏன் பின்தங்கி நிற்க வேண்டும்?

விண்டோஸ் 11 அமைக்கும்போது இருப்பிடம், விளம்பர அடையாளம், பயன்பாட்டுத் தகவல் ஆகியவற்றைப் பகிரலாமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்திச் செல்லாதீர்கள். பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள் என்று அந்நூர் அத்தியாயம் கற்பித்த சமுதாயம், தன் வீட்டுக்குள் யாரை அனுமதிக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு அமையுங்கள். புதிய கணினிகளில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படலாம். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். தந்தை மௌத்தான பிறகு கணினியைத் திறக்க வழியின்றிக் கடன் கணக்கும் கொடுக்கல் வாங்கலும் தெரியாமல் வாரிசுகள் திகைக்கக் கூடாது. வஸிய்யத்தில் எழுத வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

பழைய கணினியை விற்குமுன், விரைவாக ஒரு பார்மட் போட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். அவ்வாறு அழித்தவற்றை எளிதில் மீட்க முடியும். விண்டோஸை மீட்டமைக்கும்போது அனைத்தையும் நீக்கி, வன்தட்டைத் தூய்மை செய்யும் தெரிவையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜமாஅத் கணினி என்றால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விற்பதே பாதுகாப்பு.

இறுதியாக, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் மதரஸாப் பொறுப்பாளர்களுக்கும் சொல்கிறோம். முதலில் நம் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். தஜ்வீத் கற்பிக்கும் கணினி களவாடிய இயங்குதளத்தில் ஓடுமாயின், அமானிதம் பற்றி நாம் நடத்தும் பாடத்தை எந்த மாணவன் நம்புவான்? பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே கற்கின்றனர். மஹல்லாவில் கணினி அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை மதரஸாவுக்கு அழைத்து, விரும்பும் குடும்பங்களின் கணினிகளில் லினக்ஸை நிறுவித் தரச் சொல்லுங்கள். ஒரு மாணவன் அதில் படித்து முன்னேறும் காலமெல்லாம், நிறுவித் தந்தவருக்கு ஸதகத்துல் ஜாரியாவின் கூலி கிடைக்கும் என்று ஆதரவு வைக்கலாம்.

வாங்கியவர் கடைக்காரரிடம் இனி ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த விண்டோஸுக்கு உரிமம் இருக்கிறதா?" இல்லை என்றால், "அப்படியானால் வேண்டாம், லினக்ஸ் போட்டுத் தாருங்கள்" என்று சொல்லட்டும். பத்துப் பேர் கேட்டால் கடையின் வழக்கமே மாறும்.

ஹலாலைக் கொண்டே நமக்குப் போதுமாக்கி, ஹராமை விட்டும் நம் வீடுகளையும் நம் பிள்ளைகளின் கல்வியையும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.